பக்கத்தில் ஒரு தோள்

குருவுக்குச் சீடரைவிட ஐந்து வயது குறைவு. பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் இதெல்லாம் சகஜம்.

சீடர் பெயர் பேச்சிமுத்து. அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். அதில் என்ன கௌரவம் என்று அவரிடமே கேட்டுவிடாதீர்கள். வருஷா வருஷம் ஜூன் மாதம், இந்த வருஷமும் நமக்கு வேலை உண்டா என்று முதல்வர் அறை வாசலில் நின்று கேட்கிற கௌரவம் அது. நாற்பத்து மூன்று வயதில் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். தலைப்பு, திருநெல்வேலி வட்டாரக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள். போகிற வழியில் எவர் வீட்டுச் சுவரொட்டியைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்திப் படம் பிடிப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

குரு ஷமீமா, அவருடைய நெறியாளர். அளந்துதான் பேசுவார். பேச்சிமுத்து அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பேச்சிமுத்து அவர் அறைக்குள் நுழைந்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது. அத்தனை வெயிலும் இல்லை. பயம்தான். நிரந்தர உதவிப் பேராசிரியர் வேலைக்கு வெள்ளிக்கிழமையோடு விண்ணப்பம் முடிகிறது. மானியக் குழு அங்கீகரித்த பட்டியலில் இருக்கிற ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மதிப்பெண் அடிபடும், நேர்காணலுக்கே கூப்பிட மாட்டார்கள். பேச்சிமுத்துவிடம் இருபத்திரண்டு கட்டுரைகள் இருந்தன. எல்லாம் கருத்தரங்கக் கோவைகளில் வந்தவை. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். பட்டியலில் ஒன்றுகூட இல்லை.

"மேடம், ஒரு ஆள் இருக்கான். நாளைக்குள்ள கட்டுரையைக் குடுத்தா வியாழக்கிழமை வந்துரும்ங்கான். பட்டியல்ல உள்ள இதழுதான்."

"யாரு படிச்சுப் பார்ப்பாங்க?"

"படிக்கதா? அவங்க எங்க படிக்கப் போறாங்க மேடம். கட்டணம் கட்டினா போதும். உங்க பேரும் சேர்ந்து வரணுமாம், வழக்கம் அதானே. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா..."

ஒப்புதல் தாளை மேசைமேல் வைத்தார். ஷமீமா அதைப் படித்துப் பார்த்தார். விண்ணப்பத்தோடு இணைக்கப் பேச்சிமுத்து கட்டிக்கொண்டு வந்திருந்த கோவைகளில் ஒன்றை உருவினார். நடுவில் பிரித்து வாசித்தார்.

"'இலக்கியம் காலத்தின் கண்ணாடி. மக்களின் வாழ்வியலையும் பண்பாட்டுக் கூறுகளையும் பதிவு செய்வதில் இவை பெரும்பங்கு வகிக்கின்றன என்பதை இவ்வாய்வின் வழி அறிய முடிகின்றது.' இது யாரு எழுதினது சார்?"

பேச்சிமுத்துவுக்கு அந்த நிலையிலும் கொஞ்சம் சந்தோஷம் வந்தது.

"என்னோடது மேடம். தென்காசிக் கருத்தரங்குல வாசிச்சது. முடிவுரை."

ஷமீமா புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். குமரி மாவட்டத் தாலாட்டுப் பாடல்கள் பற்றிய கட்டுரை. எழுதியவர் யாரோ ஒரு அம்மா.

"அச்சு அசல் நான் எழுதின மாதிரியே இருக்கு மேடம்."

"ஆமா." இன்னும் சில பக்கம் தள்ளி வாசித்தார். "'சமூக மாற்றத்தின் சுவடுகளை இவற்றில் காண முடிகின்றது. எனவே இவை போற்றிப் பாதுகாக்கத் தக்கவை.' இது?"

இந்த முறை பேச்சிமுத்து உஷாராகிவிட்டார்.

"இது நான் எழுதினது இல்ல."

"இதுதான் சார் நீங்க எழுதினது."

அறைக்கு வெளியே யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார்கள். பேச்சிமுத்துவுக்குக் காது மடல் சுட்டது. நெல்லைக் கட்டுரையில் ஊர்ப் பெயரை மாற்றித் தூத்துக்குடிக் கருத்தரங்குக்குக் கொடுத்தது, அதையே மாற்றித் தென்காசிக்குக் கொடுத்தது எல்லாம் ஞாபகம் வந்தது. யார்தான் செய்யவில்லை? ஊரோடு ஒத்து வாழ் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வெட்கம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு கோபம் வந்துவிட்டது.

"உங்களுக்கென்ன மேடம். நீங்க நிரந்தரம். உக்காந்துக்கிட்டு இது யாருது, அது யாருதுன்னு விளையாட்டுக் காட்டலாம். எனக்கு அப்படியா? போன தடவை அறிவிப்பு வந்தப்ப எம்மவ பால்வாடி. இப்ப பன்னெண்டாவது படிக்கா. அடுத்த அறிவிப்பு வரும்போது எனக்குப் பல்லு இருக்குமான்னு தெரியல. வாடகை வீட்டுக்காரன் கேட்டாலும் மாமனார் கேட்டாலும், வந்துரும் வந்துரும்னே சொல்லிக்கிட்டு இருக்கேன். ராத்திரி தூக்கம் வரல மேடம். பயமா இருக்கு."

சொல்லி முடித்ததும் இன்னும் பயந்துபோனார். நெறியாளரிடம் இப்படிப் பேசினால் ஆய்வு என்ன ஆகும் என்று எல்லாச் சீடருக்கும் தெரியும்.

ஷமீமா பேனாவை எடுத்து ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார். தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க சொன்னது அத்தனையும் நிஜம் சார். எடுத்துட்டுப் போங்க."

பேச்சிமுத்து இதை எதிர்பார்க்கவில்லை. திட்டியிருந்தால் சமாளித்திருப்பார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், கோவைகளைக் கட்டினார், எழுந்தார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? ஆறு வருஷமா சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க. வேற யாரும் பார்க்காதது எதையாவது பார்த்தீங்களா?"

"அப்படிப் பெருசா ஒண்ணும் இல்ல மேடம்."

"சின்னதா?"

பேச்சிமுத்து யோசித்தார். இதையெல்லாம் சொல்வதா என்றிருந்தது.

"பொம்பளைங்க போட்டோ மேடம். அறுபது எழுபது வயசு ஆளுங்க. அவங்க சுவரொட்டியில முகத்துக்குப் பக்கத்துல வேற யாராவது ஒருத்தர் தோள் தெரியும். பட்டுச்சேலை நுனி, கோட்டுக் கை, சின்னப்பிள்ளை விரலு, ஏதாவது ஒண்ணு. வெட்டி எடுத்த படம். ஆம்பளைங்களுக்கு அப்படி இருக்காது. ரேஷன் கார்டோ, வேலைக்கோ, பாஸ்போர்ட்டோ, எதுக்காவது தனியா ஒண்ணு எடுத்திருப்பாங்க. இவங்க தனியா நின்னு ஒரு போட்டோ எடுத்ததே கிடையாது. ஆதார் அட்டைக்கு எடுத்தது வேணா இருக்கும், அதுல பேயடிச்ச மாதிரி இருப்பாங்க, அதைப் பிள்ளைங்க போட மாட்டாங்க. அதனால கல்யாண ஆல்பத்துல இருந்து வெட்டுறது."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிச்சதெல்லாம் இல்ல. எங்கம்மா போனப்ப அச்சாபீஸ்காரன் போட்டோ கேட்டான். வீடு முழுக்கத் தேடினேன். ஒண்ணும் இல்ல. கடைசில என் கல்யாணப் போட்டோவுல இருந்து வெட்டினோம். அதுல சிரிச்சிருந்தா. பக்கத்துல என் தோள். அவன் அழிச்சுப் பார்த்தான், போகல. சரி விடுன்னுட்டேன்." கட்டின கோவைகளின் முடிச்சைத் தடவிக்கொண்டே நின்றார். "அதுக்கப்புறம்தான் மத்த சுவரொட்டியிலயும் கண்ணுல பட ஆரம்பிச்சுது. எங்க பார்த்தாலும் ஒரு தோள் இருக்கு மேடம்."

ஷமீமா அந்தக் கோவைக் கட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இருபத்திரண்டுல எந்தக் கட்டுரையில இதை எழுதியிருக்கீங்க?"

"எதுலயும் எழுதல."

"ஏன்?"

"மேற்கோள் இல்லையே மேடம்."

அவர் அதை நியாயமாகத்தான் சொன்னார். எந்த அறிஞரும் இதைச் சொல்லவில்லை. சொன்னவர் இல்லாத சங்கதியை ஆய்வுக் கட்டுரையில் எப்படி எழுதுவது? முதல் கருத்தரங்கிலேயே, இதை யார் சொன்னது என்று அமர்வுத் தலைவர் மேடையில் கேட்டு அவரை உட்கார வைத்திருக்கிறார். அன்றோடு சொந்தமாக எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டார். சூடு கண்ட பூனை.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. அந்த இதழ் ஆள்தான். பேச்சிமுத்து எடுத்துப் பார்த்தார். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

"மேடம், இந்தத் தோள் சமாச்சாரத்தை எழுதினா வெள்ளிக்கிழமைக்குள்ள வருமா?"

"வராது. நல்ல இதழுக்கு அனுப்பினா ரெண்டு பேர் படிப்பாங்க. திருப்பி அனுப்புவாங்க, திருத்தச் சொல்லுவாங்க. மாசக்கணக்கா ஆகும். போடாமலும் போகலாம்."

"அப்ப வேலை?"

"தெரியல சார்."

"அடுத்த அறிவிப்பு?"

"அதுவும் தெரியல."

ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா இந்த அம்மா என்றிருந்தது பேச்சிமுத்துவுக்கு. வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தார். பையில் இருந்த தாளை எடுத்தார். கையெழுத்து நன்றாக, தெளிவாக இருந்தது. இதை அனுப்பினால் வியாழக்கிழமை ஒரு கட்டுரை வந்துவிடும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வெள்ளிக்கிழமை கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஆனாலும் விண்ணப்பம் போகும்.

கைபேசி மூன்றாவது முறை அடித்தது. அவர் அதை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தாளை மேசைமேல் வைத்தார். அழுகை வருவது மாதிரி இருந்தது, வரவில்லை.

"மேடம், எழுதுறேன்னே வைங்க. படிக்கிற அந்த ரெண்டு பேரு முதல்ல கேக்கப் போறது அதானே. யாரு சொன்னதுன்னு கேட்டா நான் யாரைக் காட்ட?"

ஷமீமா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பேனாவையும் வைத்தார்.

"உங்க அம்மா பேரு என்ன சார்?"

"ஆவுடையம்மாள்."

"அதுதான் முதல் அடிக்குறிப்பு. எழுதுங்க."