சேனை பூத்த காடு

"சேனை பூத்து நாத்தம் அடிச்சா, முதல்ல வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு பாத்துக்க..." எங்க சின்னத் தாத்தா இப்படித்தான் ஆரம்பிப்பாரு. அதுக்கு இன்னொரு பாதி உண்டு. எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது. சரி, மூக்குலருந்து கையை எடு. கொல்லையில எலி எதுவும் சாகலை, அது பூவோட நாத்தம். நாளைக்கு அடங்கிரும். அந்த நாத்தத்துக்கு ஒரு கதை இருக்கு, சொல்லவா?

"ம்."

மலையடிவாரத்துல ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு ஆத்தா, பேரு பெருமாயி. ஆத்தாவுக்கு ரெண்டு மகன். மூத்தவன் ஒச்சப்பன், இளையவன் சிவனாண்டி. அப்போ வானம் பொய்ச்சுப் போயி, ஓடையில சேம்புகூட கருகிக் கிடந்துது. கொல்லையில இருந்த கருணை, சேனை எல்லாத்தையும் தோண்டித் தின்னாச்சு. அப்புறம் சனங்க காட்டுக்குப் போயி காட்டுச்சேனையைத் தோண்ட ஆரம்பிச்சாங்க. அது லேசுப்பட்ட கிழங்கு இல்லை. தொட்டா கை அரிக்கும், தின்னா தொண்டை அரிக்கும். புளியைக் கரைச்சு ஊத்தி வேகவெச்சு, தண்ணியை வடிச்சுட்டு, மறுபடி வேகவெச்சாத்தான் வாயில வைக்கலாம்.

ஒருநாள் சிவனாண்டி அதைச் சமைச்சான். வீட்டுல புளி இல்லை. வெந்தது போதும்னு இறக்கிட்டான். ஆத்தா ஒரு வாய்தான் தின்னா. நாக்கு நமநமன்னுது, தொண்டை குறுகுறுன்னுது, அப்புறம் உதடு புசுபுசுன்னு வீங்கி, பேச்சே வரலை.

ஒச்சப்பனுக்குக் கோவம். "ஏண்டா, பசி வந்து கொல்றதுக்குள்ள நீயே அவளைக் கொன்னுருவ போலருக்கே."

"அரிக்காத கிழங்கா கொண்டாந்தா சரிதானே அண்ணே?"

"கொண்டாந்துட்டு வீட்டுக்குள்ள வா."

சிவனாண்டி கடப்பாரையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனான். திரும்பி வரலை.

"ஏன் பெரியப்பா?"

தெரியலைடா. அன்னிக்கும் வரலை, மறுநாளும் வரலை. ஆத்தா வாசல்லயே உக்காந்துட்டா. வீக்கம் வடிஞ்சு பேச்சு வந்ததும் ஒண்ணுதான் சொன்னா. "அவன் இல்லைங்கிற சேதி என்னிக்கு வருதோ, அன்னியோட நான் பச்சைத்தண்ணிகூட குடிக்க மாட்டேன்." ஆத்தா சொன்னா சொன்னதுதான். அது ஒச்சப்பனுக்கு நல்லாத் தெரியும்.

அப்புறம் கோடைமழை ஒண்ணு சடசடன்னு அடிச்சுட்டு ஓடிப்போச்சு. மறுநாள் கிழக்குச் சரிவுலருந்து குப்புன்னு ஒரு நாத்தம். பொண நாத்தம். ஒச்சப்பன் ஓடுறான். முள்ளு சரக் சரக்குன்னு கிழிக்குது, ஓடுறான். ஈ மொய்க்கிற சத்தம் ஙொய்ய்ய்னு கேக்குது. புதரை விலக்கினா, கருஞ்சிவப்பா, ஈரமா, சுருக்கம் சுருக்கமா ஏதோ ஒண்ணு மண்ணுல கிடக்கு. கையை வெச்சுப் பாத்தான். சுடுது.

"உயிரோட இருந்தானா?"

அவன் இல்லடா. அது காட்டுச்சேனைப் பூ. விரியறப்போ அது காய்ச்சக்காரன் உடம்பு மாதிரி சூடாகும். அந்தச் சூட்டுலதான் நாத்தம் தூரமாப் போகும். ஒச்சப்பன் அது பக்கத்துலயே உக்காந்து அழுதான். சந்தோசத்துல அழுதானான்னு கேக்காத, அது அவனுக்கே தெரியலை. வீட்டுக்கு வந்து, "பூதான் ஆத்தா"ன்னான். ஆத்தா ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா.

"ம்."

அப்புறம் ரெண்டாந்தடவை. இந்தத் தடவை ஓடைப்பக்கமிருந்து, ஊருக்கே அடிச்சுது. ஒச்சப்பனோட தாய்மாமன் கருத்தக்கண்ணு பாடை கட்டறதுக்கு மூங்கிலு, வெள்ளைத்துணி, ஆளுங்கன்னு எல்லாத்தோடயும் வந்துட்டாரு. போய்ப் பாத்தா...

"பூவா?"

பூ. மாமா மூங்கிலைத் தொப்புன்னு கீழ போட்டாரு. "தூக்கறதுக்கு ஆளைக் கூட்டியாந்தேன் மாப்ள. இப்போ இந்தப் பூவைத் தூக்கிட்டுப் போயி எந்தச் சாமிக்குச் சாத்த?" எல்லாரும் சிரிச்சாங்க. ஒச்சப்பன் மட்டும் பூவுக்குள்ள பாத்துக்கிட்டே நின்னான். ஈயெல்லாம் கறின்னு நம்பி அதுக்குள்ள முட்டை போட்டுக்கிட்டு இருந்துது. முட்டை பொரிஞ்சு புழு வந்தா, அதுக்குத் தின்ன அங்க ஒண்ணும் கிடையாது. அம்புட்டும் பட்டினியாச் செத்துப்போகும். அது ஈக்குத் தெரியாது.

"பாவம்."

பாவந்தான். மாமா அவன் தோள்ல கையைப் போட்டு, "வேற ஊருக்குப் பிழைக்கப் போயிருப்பான்டா"ன்னாரு.

"கடப்பாரையோடயா மாமா?"

மாமா குனிஞ்சு மூங்கிலை எடுத்துக்கிட்டாரு. அன்னிக்கும் ஒச்சப்பன் வீட்டுக்கு வந்து, "பூதான் ஆத்தா"ன்னான். அன்னிக்கும் ஆத்தா குடிச்சா. தூங்கிட்டியா?

"ம்... ம்ஹூம்."

அப்புறம் ஆடி மாசம். மழை வந்துது பாரு, விடாம வந்துது. ஓடையில சேம்பு தழைஞ்சு, இலைமேல தண்ணி முத்து முத்தா உருண்டுது. குளத்தை ஆகாயத்தாமரை பச்சையா மூடிக்கிச்சு. காட்டுல பாத்த இடமெல்லாம் சேனை முளைச்சு, பாம்புத்தோல் மாதிரி புள்ளி போட்ட தண்டுமேல குடை குடையா இலை விரிச்சு நின்னுது. எல்லாம் வந்துது. சிவனாண்டி வரலை.

அப்போ, மேற்குப் பள்ளத்துக் கரை மழையில இடிஞ்சு விழுந்துது. விழுந்த மறுநாள் அங்கருந்து குப்புன்னு நாத்தம். ஒச்சப்பன் இந்தத் தடவை ஓடலை, நடந்தான். பள்ளத்து மேட்டுல போயி நின்னான். கீழ ஙொய்ய்ய்னு ஈ இரையுது. இவனைச் சுத்தி இலை. எங்க திரும்பினாலும் இலை. சேனை முதல்ல பூக்கும், பூ அழுகினப்புறம்தான் இலை விடும். இலை வந்துட்டா அந்த வருசம் பூவே கிடையாது.

"அப்போ... கீழ இருக்கிறது பூ இல்லையா பெரியப்பா?"

இறங்கிப் பாத்தாத்தான் தெரியும். இறங்கினா, போயி ஆத்தாகிட்ட சொல்லணும். அவன் ரொம்ப நேரம் அங்கயே நின்னான். மழை மறுபடி பிடிச்சுக்கிச்சு, இலைமேல எல்லாம் தடதடன்னு சத்தம்.

"ம்..."

போர்வையை இழுத்துக்க. கண்ணை மூடிக்க. நீ படுத்துட்ட, இந்தக் கதையும் படுத்துக்கப் போகுது. ஒச்சப்பன் பள்ளத்துல இறங்கலை. வீட்டுக்குத் திரும்பி வந்து, வாசல்ல உக்காந்திருந்தவகிட்ட, "பூதான் ஆத்தா"ன்னான்.