இரண்டு காக்கைகளின் ஒரே முட்டை

ஏரிக்கரைப் புளியமரத்தில் மையழகி, குண்டுமணி என்று இரண்டு பெண் காக்கைகள் ஒரே கூட்டில் குடித்தனம் நடத்தின. ஒன்றின்மேல் ஒன்றுக்கு உயிர். குஞ்சு இல்லாததுதான் குறை.

பக்கத்து ஆலமரத்தில் வௌவால் வைத்தியர் ஒருவர் இருந்தார். தலைகீழாகத் தொங்கிக்கொண்டே வைத்தியம் பார்ப்பவர். "ரெண்டு பேர் கருவையும் கலந்து ஒரே முட்டையா ஆக்கித் தர்றேன். பாதி நீ, பாதி அவ" என்றார்.

மூன்று முட்டைகள் கெட்டுப்போயின. ஒவ்வொன்றுக்கும் குண்டுமணி அழுதாள். நான்காவது தேறியது. அதன்மேல் உட்கார்ந்தவள், இரைக்குக்கூட எழவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? அண்டங்காக்கைத் தலைவர் பஞ்சாயத்தோடு வந்து இறங்கினார்.

"குஞ்சுன்னா அதுக்கு ஒரு தாய்தான். இது யாரு ரத்தம்? ஒருத்தி பேரைச் சொல்லுங்க. இல்லேன்னா கூட்டைப் பிரிச்சுப் போட்டுடுவோம்."

குண்டுமணி அலகைத் திறந்தாள். அதற்குள் மையழகி முந்திக்கொண்டாள். "நான்தான். ஓட்டுல இருக்கிற புள்ளியைப் பாருங்க, அச்சு அசல் எங்க வம்சம்."

"அடிப்பாவி, ஓட்டோட நீலம் எங்கம்மா வழியாச்சே" என்று குண்டுமணியும் எழுந்து கிளைக்கு வந்துவிட்டாள்.

பிறகென்ன? ஒருத்தியின் மூக்கை ஒருத்தி பழித்தாள். பஞ்சாயத்தார் வேடிக்கை பார்க்க வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள்.

ஏரியிலிருந்து சில்லென்று மழைக்காற்று வீசியது. பாதி வசவில் குண்டுமணிக்குச் சுரீரென்றது. கூட்டில் யாருமில்லை! பறந்துபோய் அலகால் தொட்டாள். முட்டை ஆறிக் கிடந்தது. மையழகியும் வாயை மூடிக்கொண்டு வந்து சிறகை விரித்து ஒட்டிப் படுத்தாள். இருவரும் வெகுநேரம் அசையவே இல்லை. ஒருவழியாக ஓட்டுக்குள் ஏதோ நெளிந்தது. குண்டுமணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"தீர்ப்பு பாக்கி இருக்கு. தாய் யாரு?" என்றார் தலைவர்.

"அடைகாக்குறவங்க. நாங்க வேலையா இருக்கோம், நீங்க போயிட்டு வாங்க" என்றாள் குண்டுமணி.

தலைவர் அலகைத் திறப்பதற்குள், அவர் வீட்டுக் கூட்டிலிருந்து அவருடைய செல்லப்பிள்ளையின் குரல் கேட்டது.

"குக்கூ!"

பஞ்சாயத்து மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"புள்ளைக்குப் பசி" என்று முணுமுணுத்த தலைவர், காலடியில் நெளிந்த புழுவைக் கவ்விக்கொண்டு வீட்டைப் பார்த்துப் பறந்தார். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

பெற்றோர் யாரென்று அறிய ரத்தத்தைச் சோதிக்க வேண்டாம். பிள்ளைக்குப் பசித்தால் யார் ஓடுகிறார்கள் என்று பார்த்தால் போதும்.