சொதி இல்லாத மறுவீடு

கல்யாணச் சமையல் கோமதிநாயகம் ஆற்றங்கரை மடத்துக்கு வந்தபோது முகம் பேயறைந்ததுபோல இருந்தது. செருப்பை ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே வடிவம்மையின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

மடத்தை நடத்தும் வடிவம்மை அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் கோமதிநாயகம் குருவாக ஏற்றுக்கொண்டது இந்த அம்மையைத்தான். இவர் "அம்மை" என்பார், அம்மை இவரை "அண்ணாச்சி" என்பார். வெளியாட்களுக்கு இதில் யார் குரு என்று பிடிபடக் கொஞ்ச நேரமாகும்.

"அம்மை, ஒரு மெஷினை நம்பி என் தொழில்ல நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்."

"என்ன மெஷின்?"

"ஏஐ-ன்னு சொல்லுதாங்கள்ல, அது."

அடுப்படியில் நிற்கும்போது அவரால் போனை எடுக்க முடியாது. எடுக்காவிட்டால் கூப்பிட்டவர்கள் அடுத்த சமையல்காரரைத் தேடிப் போய்விடுகிறார்கள். போன முகூர்த்த மாதங்களில் கைக்கு எட்டிய கல்யாணங்கள் பல இப்படித்தான் நழுவின. மருமகன் இந்த ஏஐ பற்றிச் சொன்னதும் முன்பின் யோசிக்காமல் வாங்கிப் போட்டுவிட்டார். போனில் கூப்பிடுபவர்களுக்கும் எழுதிக் கேட்பவர்களுக்கும் பதில் சொல்வது, விலை பேசுவது, என்ன சமைப்பது என்று முடிவு செய்வது, சாமான் வாங்கச் சொல்வது என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அதன் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் குற்றாலிங்கம். அவர் மகளுக்குக் கல்யாணம். மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு என்ன போடலாம் என்று எழுதிக் கேட்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்து அது. அதில் தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி இருந்தே ஆகவேண்டும். மெஷினுக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? 'முதல் நாள் விருந்து கனமாக இருக்கும். மறுநாளுக்குச் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் வயிற்றுக்கு இதம்' என்று அழகான தமிழில் பதில் எழுதிவிட்டது.

"காலையில போன்ல ஆடித் தீர்த்துட்டாரு, அம்மை. 'சொதி இல்லாம ஒரு மறுவீடாவே? சம்பந்தி முன்னால மூஞ்சிய எங்க கொண்டு வைக்க? சமைக்கப் போறது நீரா, அந்த மெஷினா? சாயங்காலத்துக்குள்ள சொல்லும்'னு வச்சிட்டாரு. அவரு வீடு போச்சுன்னா அந்தத் தெருவே போயிரும். என்னை நம்பி இருக்க சமையல்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேலே சொன்னார்.

"தூக்கிப் போட்டா திரும்பவும் போன் எடுக்க ஆளில்ல. வச்சிருந்தா மானம் போகுது. தொடங்கத் தெரியாமத் தொடங்கிட்டேன். இனி எப்படித் தொடங்க?"

அம்மை எழுந்தார். "இன்னைக்குக் குருபூசை. அடுக்களையில ஆள் கொறையுது. சென்னையிலேருந்து ஒருத்தர் வந்திருக்காரு, நல்லாச் சமைப்பாராம். அவரையும் வச்சிக்கிட்டுப் பந்திக்குச் சொதி வச்சிக் குடுங்க, அண்ணாச்சி."

கோமதிநாயகத்துக்கு எரிச்சலாக வந்தது. வயிறு எரிகிறது என்று வந்தவனை அடுப்பெரிக்கச் சொல்கிறாரே. ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

சென்னைக்காரர் சிதம்பரநாதன் வாயைத் திறந்தால் சமையல்தான். அவியலுக்கு எந்தக் காய் ஆகாது, பருப்பு எந்தப் பதத்தில் இறங்கவேண்டும் என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"சொதியை எங்கிட்ட விட்டுடுங்க சார். எனக்கு அத்துப்படி."

"தேங்கா திருவத் தெரியுமா?"

"அது தெரியாமலா? சொதிக்கு முதல் பாலை எப்போ ஊத்தணும்னா..."

"முதல்ல தேங்கா."

சிதம்பரநாதன் துருவ உட்கார்ந்தார். கோமதிநாயகம் நடுநடுவே வந்து துருவலைக் கிள்ளிப் பார்த்தார். "அடி வரைக்கும் திருவாதீங்க, கறுப்பும் சேந்து வருது." அடுத்த மூடி வெள்ளை வெளேரென்று வந்தது. பிறகு உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கூப்பிட்டுப் பக்கத்திலேயே நின்றார். முதல் ஈட்டில் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் முறுகட்டும்" என்றார். அதற்கடுத்த ஈடு சரியாக வந்ததும் திரும்பிப் பார்க்காமல் தன் வேலைக்குப் போனார்.

சொதிக்குக் காய் வெந்துகொண்டிருந்தது. சிதம்பரநாதன் உற்சாகத்தில் உப்பை அள்ளிக்கொண்டு அதன் பக்கம் போனார். கோமதிநாயகம் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என் அடுக்களையில உப்பு நான் மட்டும்தான் போடுவேன். ரெண்டு கை பட்டா, போட்டாச்சா போடலையான்னு தெரியாது. சாப்பிடுதவன் திட்டப் போறது என்னையத்தான்."

பந்தி நல்லபடியாக முடிந்தது. சொதி கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அம்மை கை கழுவிவிட்டு வந்து கோமதிநாயகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தச் சென்னைக்காரர்தான் எல்லாம் தெரியும்னாரே. சொதிய அவருகிட்டயே விட்டிருக்கலாம்லா?"

"நல்ல கதையா இருக்கே! வந்த அன்னைக்கேவா? பேச்சு சரி, கை எப்படின்னு பாக்க வேண்டாமா? தேங்காயில தப்புப் பண்ணினா ஒரு மூடியோட போயிரும்."

"கறுப்பாத் திருவினாரே, வெளிய அனுப்பியிருக்கலாம்."

"எதுக்கு? சொன்னதும் திருந்திட்டாரு. நல்ல கை, அம்மை."

"அந்த மெஷினுக்கு வந்த அன்னைக்கு என்ன வேலை குடுத்தீய?"

"எடுத்த எடுப்புலயே சொதியக் குடுத்துட்டேன், அம்மை!" கோமதிநாயகம் அடக்கமாட்டாமல் சிரித்தார். காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போனதுபோல இருந்தது. அங்கேயே போனை எடுத்துக் குற்றாலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"கோமதிநாயகம் பேசுதேன். சொதி உண்டு, இஞ்சிப் பச்சடி உண்டு, வறுவல் உண்டு. உங்க கல்யாணத்துக்கு எங்க அப்பா போட்ட அதே சாப்பாடு. சமைக்கப் போறது நான்."

"அப்போ அந்த மெஷினு?"

"இருக்கு. தேங்கா திருவப் போட்டிருக்கேன்."

"மெஷினு தேங்கா திருவுமாவே?"

"கூப்பிட்டவங்க பேரு, தேதி, மண்டபம், எத்தனை இலை, இதை மட்டும் கேட்டு வச்சிக்கிடும். 'அடுப்படியில இருக்காரு, இறங்கினதும் பேசுவாரு'ன்னு சொல்லும். சாப்பாட்டப் பத்தி நான்தான் பேசுவேன்."

"இதை அன்னைக்கே செஞ்சிருந்தா நான் ஏன்வே கத்தப் போறேன்?" குற்றாலிங்கத்தின் குரல் இறங்கிவிட்டிருந்தது. "இஞ்சி இளசாப் பாத்து வாங்கும்."

இஞ்சியைப் பற்றிப் பேசிவிட்டார் என்றால் கல்யாணம் கைவிட்டுப் போகவில்லை. கோமதிநாயகம் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மையைக் கும்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்து, ஆளுக்கொரு பக்கம் கிடந்த செருப்புகளைத் தேடி மாட்டினார். மாட்டியவர் போகாமல் நின்றார்.

"அம்மை, மெஷினு தேங்காயில தேறிட்டா அதுக்கு வறுவல் குடுப்பேன். அப்படியே போயி, ஒருநாள் சொதியும் அதுவே நல்லா வச்சிட்டுதுன்னா?"

"வைக்கட்டுமே," என்றார் அம்மை. "உப்புச் சட்டி உங்க பக்கத்துல இருக்கட்டும், அண்ணாச்சி."