கட்டியக்காரர் திணறிய நாள்

முன்னொரு காலத்திலே மருதங்காவு நாட்டை உக்கிரவழுதி என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் சரி என்றதை மத்தியானம் கூடாது என்பார். அப்படி ஒரு மனசு.

அவருடைய களஞ்சியத் தலைவர் காலமானார். அந்தப் பதவி இனி யாருக்கு? வேலையெல்லாம் பார்த்தது துணையாளாக இருந்த குமுதினிதான். ஆனால் அது சபையில் அமரும் பதவி; அவளோ திருநங்கை. அவளைப் போன்றவர்கள் சபை வாசலைத் தாண்டியதே கிடையாது. இந்தத் தடவையும் கைநழுவினால் ஊரைவிட்டே போய்விடுவது என்று முடிவுகட்டியிருந்தாள்.

அமைச்சர் நன்னாகனார், "மன்னா, திருநங்கையருக்கும், ஆணை விரும்பும் ஆணுக்கும், பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும் சபையில் சில இடங்கள் ஒதுக்குவோம்" என்றார். ராஜா தலையாட்டினார்.

தன் மைத்துனனுக்காக அந்தப் பதவிமேல் கண்வைத்திருந்த சபைப் பிரபு வில்லவராயருக்கு வயிறு எரிந்தது. "ஒதுக்கீடா? தகுதி என்ன ஆவது? பிச்சையாக வந்த பதவி என்று ஊர் அவளைப் பார்த்துச் சிரிக்காதா?"

"அதுவும் சரிதான். ஒதுக்கீடு கிடையாது!" என்று ராஜா கவிழ்த்துவிட்டார்.

வாசலில் நின்ற குமுதினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர் சிரிக்கும் என்ற பயம் அவளுக்குள்ளும் இருந்ததுதான்.

அமைச்சர் சிரித்தார். "ஆகட்டும் மன்னா. நாளை முதல் தகுதி மட்டும்தான்."

கட்டியக்காரர் பேர்சொல்லி முழங்காமல் யாரும் படி தாண்டக்கூடாது என்பது அந்தச் சபை வழக்கம். மறுநாள் அமைச்சர் அவரிடம், "இன்றைக்கு அப்பா, தாத்தா பெருமை வேண்டாம். அவரவர் செய்ததை மட்டும் சொல்லும்" என்றார்.

வில்லவராயர் மிடுக்காக வந்தார்.

"பெரிய வில்லவராயரின் புதல்வர்..." என்று தொடங்கிய கட்டியக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். யோசித்தார், இருமினார், தலையைச் சொறிந்தார். "ஐயா, தாங்கள் என்னதான் செய்தீர்கள்? நீங்களே எடுத்துக்கொடுத்தால் புண்ணியமாகப் போகும்!"

சபை குலுங்கிச் சிரித்தது. வில்லவராயர் வெளியிலேயே நின்றார்.

"அப்பா பேரில் கிடைத்த இடமும் ஒதுக்கீடுதானே, மன்னா?" என்றார் அமைச்சர்.

ராஜா தன் சிம்மாசனத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அமைச்சரே, என் பேரை மட்டும் முழங்கச் சொல்லிவிடாதீர்!"

அடுத்து கட்டியக்காரர் தடுமாறவேயில்லை. "பஞ்ச காலத்தில் ஒரு வீட்டு அடுப்பும் அணையாமல் காத்த குமுதினி வருகிறார்!"

அவள் படி தாண்டினாள். அப்பாடா என்று இருந்தது. கண்ணீரோடு சிரிப்பும் வந்தது.

"களஞ்சியம் உனக்குத்தான். ஒதுக்கீடும் உண்டு. மத்தியானம் நானே மாற்றச் சொன்னாலும் மாற்றாதீர்கள்!" என்றார் ராஜா.

"மன்னா, நான்?" என்று வாசலிலிருந்து ஈனக்குரல் வந்தது. ராஜா குமுதினியைப் பார்த்தார்.

"களஞ்சியத்தில் எலித்தொல்லை அதிகம், மன்னா. ஐயா வந்து ஒழித்துக்கொடுக்கட்டும். கட்டியக்காரருக்கும் முழங்க ஏதாவது கிடைக்கும்."