மேலே போன சீட்டு

மூன்றாவது முறையும் ஆட்டம் நின்றுபோனது. அம்பலவாணன் கையில் மிச்சமிருந்த சீட்டுகளைப் பாயில் வீசி எறிந்தான்.

"எனக்கு விளையாட்டு வேணாம்மா. பதில் வேணும்."

"கேள்வியை இன்னொரு தடவை சொல்லுங்க."

"வந்ததிலேருந்து நாலு தடவை சொல்லிட்டேன்."

"நாலு தடவையும் ஒரே மாதிரி சொல்லலை. அதான் கேக்கறேன்."

அது உண்மை. முதல் தடவை, எல்லைக்கல் நகர்ந்துவிட்டது என்று சொன்னான். கல் தானாக நடக்குமா என்று சாமியாரம்மா கேட்டதும், நகர்த்தச் சொன்னார்கள் என்றான். அடுத்த தடவை, நகர்த்தும்படி ஆகிவிட்டது. நான்காவது தடவைதான் 'நகர்த்தினேன்' என்ற சொல் வாயில் வந்தது. அதைச் சொல்ல இவ்வளவு சுற்று சுற்ற வேண்டியிருந்ததே என்று தன்மேலேயே அவனுக்கு வெறுப்பாக இருந்தது.

அம்பலவாணன் நில அளவை செய்கிறவன். ஏழு வருஷத்துக்கு முன்னால் சித்தேரியின் எல்லைக்கல்லை எண்பதடி உள்ளே தள்ளி நட்டான். அதற்கு ஏற்றபடி வரைபடம் வரைந்து கையெழுத்தும் போட்டான். எண்பதடி ஏரி ஓர் அரிசி ஆலைக்காரரின் நிலமாயிற்று. அந்த வருஷமே அம்பலவாணன் தலைமைச் சர்வேயர் ஆனான்.

இப்போது ஏரிப் பாசனக்காரர்கள் மனு கொடுத்திருந்தார்கள். நாளைக் காலை பத்தரை மணிக்கு விசாரணை. 'இது நீங்கள் அளந்த அளவுதானா?' என்று கேட்பார்கள். 'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். இன்னும் மூன்று வருஷத்தில் தலைமைச் சர்வேயராகவே ஓய்வு பெற்றுவிடலாம். அந்த 'ஆமாம்' சொல்லலாமா கூடாதா என்பதுதான் அவன் கேள்வி.

வேலிக்கு வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. ஆலைக்காரர் அனுப்பிய ஜீப். விசாரணை வரைக்கும் யாரும் அவனிடம் பேசிவிடாதபடி டவுனில் ஒரு லாட்ஜில் தங்கவைக்க வந்தது. போகிற வழியில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன், அரைமணி நேரம் என்று சொல்லி இறங்கியிருந்தான். மூன்று மணி நேரமாகிவிட்டது.

"அடிக்கட்டும்" என்றார் அம்மா. சிதறிய சீட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

அவர் பெயர் தில்லையம்மை. வயதில் அம்பலவாணனுக்குப் பதின்மூன்று வருஷம் இளையவர். காசநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் ஒரு கொட்டகை போட்டு உட்கார்ந்தார். ஏன் என்று கேட்க வந்தவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. அவர்களில் சிலர் திரும்பிப் போகவும் இல்லை. சீடர்கள் சேர்ந்தது அப்படித்தான். அவர் தினமும் தனியாகச் சீட்டாடுவார். பெரிய மடத்து ஆட்கள் நான்கு பேர் வந்து, சாமியாரம்மா சூதாடுவது அடுக்குமா என்று கேட்டார்கள். "நான் யாரைத் தோக்கடிச்சேன், அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, நிமிராமல் அடுத்த சீட்டைத் திருப்பினார்.

"கலைச்சுப் போடுங்க சர்வேயரே" என்று சீட்டுக்கட்டை நீட்டினார்.

அம்பலவாணன் கலைத்தான். ஏழு வரிசையாகப் போட்டான். முதல் வரிசையில் ஒரு சீட்டு, ஏழாவதில் ஏழு. ஒவ்வொன்றிலும் கடைசிச் சீட்டு மட்டும் முகம் காட்டும், மற்றதெல்லாம் குப்புற. கறுப்பின்மேல் சிவப்பு, சிவப்பின்மேல் கறுப்பு என்று எண் ஒவ்வொன்றாகக் குறைய அடுக்க வேண்டும். ஆஸ் வந்தால் அது மேலே தனியாகப் போகும். அதன்மேல் அதே இனத்தில் இரண்டு, மூன்று என்று ராஜா வரைக்கும் ஏற வேண்டும். நான்கு இனமும் ஏறிவிட்டால் ஜெயம்.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பத்துக்கு மூணு ஜெயிப்பேன்மா. தப்பா வெச்சா பழையபடி ஆக்க ஒரு பட்டன் உண்டு. இனிமே வழியில்லைன்னா அதுவே சொல்லிடும்."

"இங்க யாரு சொன்னா?"

"என்னது?"

"மூணு ஆட்டத்துக்கும் வழியில்லைன்னு."

"நான்தான்."

"ம்."

சாணி மெழுகிக்கொண்டிருந்த பிச்சாண்டி சிரித்தான். அவனும் சீடன்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் இங்கேதான் கிடப்பான்.

சிவப்பு இதயப் படம் போட்ட ஆட்டின் ஆஸ் சீக்கிரமே வந்தது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று கிடைத்ததையெல்லாம் அம்பலவாணன் விறுவிறுவென்று மேலே ஏற்றினான்.

"எதுக்கு அவ்வளவு அவசரம்?"

"மேலே போறதுதானே ஆட்டம்?"

"குப்புறக் கிடக்கறதைத் திறக்கறதுதான் ஆட்டம். பெரிய வரிசையா பாத்து முதல்ல திறங்க."

அவன் சின்ன வரிசை ஒன்றைத்தான் காலி செய்தான்.

"அங்க உக்கார ராஜா இருக்காரா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் காலி பண்ணீங்க? அந்த எடத்துல ராஜாவைத் தவிர யாரும் உக்கார முடியாதே."

"காலியா இருந்தா பாக்க நல்லா இருந்தது."

"பெரிய ஆபீசர் மேசை மாதிரி" என்றான் பிச்சாண்டி.

"நீ சாணியைப் பாருடா."

கையிலிருந்த மிச்சக் கட்டு ஒரு சுற்று வந்தது. இரண்டு சுற்று வந்தது. மூன்றாவது சுற்றிலும் ஒன்றும் பொருந்தவில்லை. ஜீப் மறுபடியும் ஹாரன் அடித்தது. இந்த முறை விடாமல் அடித்தது.

"முடிஞ்சுதும்மா" என்று அம்பலவாணன் சீட்டுகளை வாரக் கையை நீட்டினான்.

அம்மா சீட்டுகளின்மேல் தன் உள்ளங்கையைப் பரத்தி வைத்தார்.

"தொடாதீங்க. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

"எங்க?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். எதையும் காட்டவில்லை.

அம்பலவாணன் குனிந்து பார்த்தான். வயலைப் பார்க்கிற மாதிரி, மூலைக்கு மூலை, வரிசை வரிசையாகப் பார்த்தான். ஏழாவது வரிசையில் கறுப்புக் கிளாவர் நான்கு. அதற்கடியில் குப்புறச் சீட்டுகள். அந்த நான்கை எங்கேயாவது நகர்த்த வேண்டுமென்றால் சிவப்பில் ஓர் ஐந்து வேண்டும். டைமன் ஐந்து எங்கோ அடியில் புதைந்திருக்கிறது. கறுப்பில் இஸ்பேட் ஆறு ஒன்று சும்மா திறந்து கிடக்கிறது. அதன்மேல் வைக்க ஓர் ஐந்து...

அவன் கண் மேலே போய் நின்றது.

"ஆட்டின் அஞ்சு கீழே இருந்தா நடக்கும்."

"எங்க இருக்கு?"

"மேலே போயிடுச்சு."

"சரி."

"மேலே போனதை இறக்கலாமா?"

"கூடாதுன்னு யாரு சொன்னா?"

"நான் இறக்கினதே இல்லை."

"அது தெரியுது."

"இறக்கினா, இவ்வளவு ஏறினது வீண்தானே? ஒரு படி பின்வாங்கறதாச்சே?"

"பின்வாங்கினா வந்த எடத்துக்கே போகணும். அந்த அஞ்சு மூணாவது வரிசையிலேருந்து வந்தது. இப்பப் போகப்போறது அஞ்சாவது வரிசைக்கு. அங்க அது இதுக்கு முன்னாடி உக்காந்ததே இல்லை."

"நாலுக்கு அடியில என்ன இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"இறக்கியும் தோத்துட்டா?"

"தோப்பீங்க. திறந்து பாத்துட்டுத் தோப்பீங்க."

ஆட்டின் ஐந்தை மேலிருந்து எடுத்தான். ஒரு துண்டு அட்டைக்கு இவ்வளவு கனமா என்று நினைத்தான். இஸ்பேட் ஆறின்மேல் வைத்தான். கிளாவர் நான்கைத் தூக்கி அதன்மேல் வைத்தான். ஏழாவது வரிசையில் ஒரு சீட்டு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதைத் திருப்பப் போகும்போது பிச்சாண்டி வேலிப்பக்கம் போய்விட்டு ஓடி வந்தான்.

"சார், டிரைவர் கத்தறான். முதலாளி போன்ல இருக்காராம். வர்றீங்களா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம்."

அம்பலவாணன் எழுந்திருக்கவில்லை. ஏழு வருஷமாக அவன் சித்தேரிக் கரைவழியாகப் போனதில்லை. அந்தப் பக்கம் வேலை இருந்தால் இரண்டு மைல் சுற்றிக்கொண்டு போவான். பஸ் வசதி என்று வீட்டில் சொல்லியிருந்தான். மனைவி நம்பினாளோ என்னவோ, அவனே பாதி நம்பிவிட்டிருந்தான்.

"ஜீப்பைப் போகச் சொல்லு பிச்சாண்டி."

"நிஜமாவா சார்? என்ன காரணம் சொல்லட்டும்?"

"காரணம் நாளைக்குப் பத்தரை மணிக்குச் சொல்றேன்னு சொல்லு. வேணும்னா முதலாளியை அங்க வந்து கேட்டுக்கச் சொல்லு. கடைசி பெஞ்சுல உக்காந்தாலும் காதுல விழற மாதிரிதான் சொல்லுவேன்."

பிச்சாண்டி சாணிக் கையோடு ஓடினான். வேலிக்கு அப்பால் அவன் குரல் தேவைக்கு மேல் உரக்கக் கேட்டது. டிரைவர் ஏதோ வைதான். பிச்சாண்டி அதைவிட நல்ல வசவாக ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு ஜீப் கிளம்பி, மண்ணைக் கிளப்பிக்கொண்டு போகிற சத்தம் வந்தது.

சத்தம் அடங்கியபிறகுதான் அம்பலவாணன் அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"அம்மா."

"சொல்லுங்க."

"பதவி போயிடும்."

"போகும்."

"வேலையே போனாலும் போகும். அப்படிப் போகலைன்னா அது இன்னும் கேவலம். பத்தொன்பது வயசுல வயக்காட்டுல அளவுச் சங்கிலி இழுக்கற ஆளாத்தான் நான் இந்த வேலையில சேர்ந்தேன். வெயில்ல, சேத்துல, ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு ஓடணும். மறுபடியும் அந்தச் சங்கிலியைத்தான் கையில கொடுப்பாங்க. ஐம்பத்தஞ்சு வயசுல. நான் தொழில் கத்துக்கொடுத்தவன் குடைக்கடியில நின்னுக்கிட்டு என்னைப் பாத்து இழுய்யாம்பான். ஊரே வரப்புல நின்னு வேடிக்கை பாக்கும்."

அம்மா அவன் கைகளைப் பார்த்தார். பதவி வந்தபிறகு மெத்தென்று ஆகிவிட்ட கைகள். பிறகு கேட்டார்:

"நேரா இழுக்க இன்னும் வருமா?"