ஒரே பொன்னாடை

குருவுக்கு முப்பது தாண்டி ஒன்றிரண்டு வயது இருக்கும். சீடருக்கு அறுபதாம் கல்யாணமே முடிந்துவிட்டது. குருவைச் சீடர் "டீச்சர்" என்பார். சீடரைக் குரு "சார்" என்பார். யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று வெளியாட்கள் குழம்புவார்கள். அவர்கள் இருவருக்கும் அதில் குழப்பமே இல்லை.

இடம், திருச்சியில் ஒரு பேசும் புத்தக நிலையம். பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பலபேர் வந்து பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். அந்தப் பதிவுகளைப் புத்தகமாகக் கோப்பவர் பூரணி. அவர்தான் குரு. பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினி அவர் காதில் கடுகு பொரிகிற வேகத்தில் வாசித்துச் சொல்லும். நமக்கு அது இரைச்சல், அவருக்கு அது எழுத்து.

சீடர் சிகாமணி. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மகன் குமரேசனுக்கும் பார்வை கிடையாது. இந்த நிலையத்துப் புத்தகங்களைக் கேட்டுப் படித்துத்தான் வங்கித் தேர்வில் தேறி, இப்போது ஈரோட்டில் வேலையில் இருக்கிறான். முதல் சம்பளத்தில் அவன் அப்பாவுக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தான். சிகாமணி அதை உடுத்திக்கொண்டு நேராக இங்கே வந்தார்.

"நான் என்ன செய்யணும் டீச்சர்?"

"நிரல் எழுதக் கத்துக்கோங்க சார், கம்ப்யூட்டர் புரோகிராம். ஆள் பத்தல."

கற்றுக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கி, ஒரு புள்ளி விட்டுப்போனதற்குக் கணினியிடம் திட்டு வாங்கி, விடாமல் கற்றுக்கொண்டார்.

ஒவ்வொரு பேசும் புத்தகத்துக்குள்ளும் ஓர் எக்ஸ்எம்எல் ஆவணம் இருக்கும். பெட்டிக்குள் பெட்டி வைத்த மாதிரி. புத்தகம் என்ற பெரிய பெட்டிக்குள் அத்தியாயங்கள், அத்தியாயத்துக்குள் தலைப்பு, வாசித்தவர் பெயர், ஒலி எங்கே இருக்கிறது என்ற குறிப்பு. ஒவ்வொரு பெட்டிக்கும் எலிமென்ட் என்று பெயர். அதில் எழுதியிருப்பதைத்தான் புத்தகத்தை ஓட்டும் கேட்புக் கருவி எந்திரக் குரலில் வாசிக்கும்.

சிகாமணிக்கு ஓர் ஆசை வந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் நன்றி என்று ஓர் எலிமென்ட் சேர்க்க வேண்டும். அத்தியாயம் முடிந்ததும் அதை வாசித்தவருக்குக் கருவியே நன்றி சொல்ல வேண்டும்.

அந்த ஆசைக்குக் காரணம் எமிலியம்மா. அரசு மருத்துவமனையில் நர்ஸ். வார்டு வேலை முடிந்து களைத்து வந்து, கணக்கியல் புத்தகத்தின் பெரும்பகுதியை அவர்தான் வாசித்தார். குமரேசன் படித்துத் தேறிய புத்தகம் அது. இப்போது அவருடைய குரல் நாணில் கட்டி. திங்கள்கிழமை சென்னையில் அறுவை சிகிச்சை. அதுவரை பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு குரல் வருமா என்பதைச் சொல்ல டாக்டராலும் முடியவில்லை.

சிகாமணி அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள, உங்க குரலுக்கான நன்றி அந்தப் புத்தகத்துக்குள்ள இருக்கும்மா. உங்க காதால கேட்டுட்டுப் போகலாம்."

எமிலியம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

சிகாமணி நிரல் எழுதினார். முதலில் நன்றி எலிமென்ட் ஒன்றைச் செய்தார். அதற்குள், 'தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி வாசித்தமைக்கு நிலையத்தின் மனமார்ந்த நன்றி' என்று எழுதினார். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது, அவருக்குப் பிடித்திருந்தது. பிறகு, ஒவ்வொரு அத்தியாயமாகப் போய் அதைச் சேர்க்கும்படி கணினிக்குச் சொன்னார். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் 'சேர்ந்தது, சேர்ந்தது' என்று திரையில் வரி வரியாக வந்தது.

"சரிபார்த்தீங்களா சார்?" என்று பூரணி கேட்டார்.

"அதான் அதுவே சொல்லுதே டீச்சர், சேர்ந்ததுன்னு."

பூரணி தன் வேலைக்குத் திரும்பினார்.

சனிக்கிழமை காலை, அந்தக் கணக்கியல் புத்தகத்தை வாசித்தவர்களுக்கு நிலையத்தில் சின்ன விழா. எல்லோரும் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எமிலியம்மா, கடைசியில் பேக்கரி நடத்தும் ரஹீம் பாய். புத்தகக் கடைசியில் இருக்கும் அருஞ்சொற்களை நாலு பக்கம் வாசித்தவர் அவர்.

சிகாமணி மகன் எடுத்துக் கொடுத்த வேட்டி சட்டையில் எழுந்து நின்று கருவியை ஓடவிட்டார். முதல் அத்தியாயத்தின் கடைசி வாக்கியம், எமிலியம்மாவின் குரலில் ஒலித்து முடிந்தது.

நன்றி வரவில்லை.

அடுத்த அத்தியாயத்திலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. சிகாமணி பொத்தானை அழுத்தி அழுத்தி அத்தியாயம் அத்தியாயமாகத் தாவினார். கடைசியாக ரஹீம் பாயின் அருஞ்சொற்கள் முடிந்தபோது எந்திரக் குரல் கணீரென்று சொன்னது: "தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி வாசித்தமைக்கு நிலையத்தின் மனமார்ந்த நன்றி."

"எனக்கா?" என்றார் ரஹீம் பாய். "அட, என்ன சார் இது! நான் வாசிச்சது நாலு பக்கம். அந்தம்மா இல்ல வண்டி வண்டியா வாசிச்சாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எமிலியம்மாவும் சத்தம் வராமல் சிரித்தார். பரவாயில்லை என்று சிகாமணியைப் பார்த்துக் கையசைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் மனிதர்.

அவர் பூரணியின் காதருகே குனிந்தார். "டீச்சர், எல்லாத்துலயும் வச்சேன். வச்சது எங்க போச்சு?"

"அது கிடக்கட்டும் சார். முதல்ல எல்லாருக்கும் பொன்னாடை போர்த்துங்க."

பூரணி ஒரு பொன்னாடையை அவர் கையில் கொடுத்தார். சிகாமணி போய் எமிலியம்மாவுக்குப் போர்த்தினார். கைதட்டினார்கள்.

"அடுத்தவருக்கு" என்றார் பூரணி.

சிகாமணி கையை நீட்டினார். "இன்னொண்ணு குடுங்க டீச்சர்."

"குடுத்தேனே."

"அது எமிலியம்மா தோள்ல இருக்கு."

"அதை எடுத்து அடுத்தவருக்குப் போர்த்துங்க."

நம் ஊர் மேடைகளில் இது நடக்காததல்ல. போர்த்திய பொன்னாடை மேடைக்குப் பின்னால் ஒரு சுற்றுப் போய், மடிப்புக் கலையாமல் இன்னொருவர் தோளுக்கு வந்து சேர்வது ஊரறிந்த ரகசியம். எமிலியம்மாவுக்கும் அது தெரியும். அவரே பொன்னாடையின் நுனியைப் பிடித்து, தோளிலிருந்து எடுத்துக் கொடுக்கப் போனார்.

"வேண்டாம்மா!" சிகாமணி பதறிப்போய் அவர் கையைத் தடுத்தார். "இருங்க. அது உங்களுக்குப் போட்டது. டீச்சர், கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கச் சொல்றீங்களே! ஒருத்தர் தோள்ல இருந்து உருவி இன்னொருத்தருக்குப் போட என்னால முடியாது."

பூரணி அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"உங்க நிரலுக்கு முடிஞ்சுது சார்."

சிகாமணிக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் செய்த எலிமென்ட் ஒன்றே ஒன்று. அதை முதல் அத்தியாயத்தில் சேர் என்றதும் கணினி சேர்த்தது. அதையே இரண்டாவதில் சேர் என்றதும், முதலாவதிலிருந்து எடுத்து இரண்டாவதில் வைத்தது. ஓர் எலிமென்ட் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிக்குள்தான் இருக்க முடியும். ஒவ்வொரு முறையும் சேர்ந்தது என்று அது சொன்னது பொய்யில்லை. அந்த நன்றிதான் போகிற வழியெல்லாம் உருவிக்கொண்டே போய், கடைசியில் ரஹீம் பாய் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

பூரணி நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்தார். உள்ளே ஆளுக்கொன்றாகப் பொன்னாடைகள் இருந்தன.

"இதுல இருந்து எடுங்க சார். ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு."

விழா முடிந்ததும் சிகாமணி கணினி முன்னால் உட்கார்ந்தார். எலிமென்ட் செய்கிற வரியை, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் புதிதாக ஒன்று பிறக்கும்படி, திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு உள்ளே தள்ளி எழுதினார். ஓடவிட்டார். இந்த முறை ஒவ்வோர் அத்தியாயமாகத் திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் நன்றி இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"டீச்சர், கேட்டுப் பாருங்க."

பூரணி முதல் அத்தியாயத்தின் முடிவைக் கேட்டார். அடுத்ததைக் கேட்டார். அதற்கடுத்ததையும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"ஏன் டீச்சர், வரலையா?"

"எல்லாத்துலயும் வருது. நிரல் சரியா இருக்கு சார்."

"அப்புறம் ஏன் கழட்டிட்டீங்க?"

"மிச்சத்துல என்ன இருக்கும்னுதான் தெரிஞ்சுபோச்சே."

சிகாமணிக்குச் சுருக்கென்றது. "நன்றின்னா நன்றிதானே டீச்சர். அதுல ஆளுக்கு ஆள் என்ன வித்தியாசம்?"

"எமிலியம்மா வாசிச்சதைக் கேட்டிருக்கீங்களா?"

விழாவில் ஒலித்த கடைசி வரிகளைத் தவிர சிகாமணி எதையும் கேட்டதில்லை. வீட்டில் அந்தக் குரல் எத்தனையோ மாதம் ஒலித்தது. ஆனால் அது குமரேசனின் காதுக்குள் ஒலித்தது. பக்கத்தில் உட்கார்ந்து இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை நிலையம் லீவு" என்றார் பூரணி. "ஆனா சாவி உங்ககிட்டதான் இருக்கு."

மறுநாள் காலையிலேயே சிகாமணி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். தேய்மானம் என்ற பாடம். எமிலியம்மாவின் குரல், நோயாளிக்கு மாத்திரை வேளை சொல்வதுபோல் நிதானமாக வந்தது. நடுவில் ஒரு கணக்குப் பட்டியல். எண்களாகவே இருந்தது. வாசித்து முடித்தார். அத்துடன் அடுத்த பத்திக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

"மறுபடி ஒருதடவை மெதுவாச் சொல்றேன்" என்றது குரல். "எழுதிக்கிறவங்க எழுதிக்கோங்க."

புத்தகத்தில் இல்லாத வரி அது. சிகாமணி நிறுத்திவிட்டு ஈரோட்டுக்குப் போன் போட்டார்.

"குமரேசா, கணக்கியல் புத்தகத்துல ஒரு அம்மா வாசிப்பாங்களே..."

"ரெண்டு தடவை சொல்றவங்களாப்பா?" மகன் யோசிக்கவே இல்லை. "மத்தவங்க பட்டியல் வந்தா கடகடன்னு ஓடிப்போயிடுவாங்க. அவங்க மட்டும் நின்னு சொல்லுவாங்க. நான் பிரெயில்ல குத்தி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கும்."

சிகாமணி மூக்கை உறிஞ்சினார்.

"ஏன்ப்பா, அவங்களுக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்லடா. நல்லாயிடுவாங்க" என்று வைத்துவிட்டார்.

பிறகு எல்லோருடைய அத்தியாயங்களையும் கேட்டார். ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். ரஹீம் பாய் ஒரு நீளமான சொல்லில் தடுக்கிச் சிரித்ததை யாரும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். 'நீங்கள் சிரித்த இடத்தில் படிக்கிறவருக்கும் ஒரு மூச்சு கிடைக்கிறது, நன்றி' என்று எழுதினார். மதியச் சாப்பாட்டை மறந்துபோனார். இத்தனை பேர் தன் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார். மனசு நிறைந்து, அதைத் தாங்கவும் தெரியவில்லை.

சாயங்காலம் பூரணி வந்தார். பின்னாலேயே எமிலியம்மாவும் தம்பியோடு வந்தார். ரயிலுக்குப் போகிற வழி, கையில் பை இருந்தது. தோளில் அந்தப் பொன்னாடை.

"சேமிச்சீங்களா சார்?" என்று பூரணி மெல்லக் கேட்டார்.

"சேமிச்சுத் திறந்து, சரியும் பார்த்துட்டேன் டீச்சர்."

எமிலியம்மாவின் காதில் சிகாமணியே ஹெட்போனை மாட்டினார். தேய்மானப் பாடத்தின் முடிவு ஓடியது. எமிலியம்மா தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பாடம் முடிந்தது. எந்திரக் குரல் தொடங்கியது:

"எமிலி அம்மாவுக்கு. பட்டியலை இரண்டாம் முறையும் நிதானமாக வாசித்தீர்கள். என் மகன் அப்போதுதான் அதை எழுதிக்கொண்டான். நன்றி. இப்படிக்கு, குமரேசனின் அப்பா."

எமிலியம்மா கண்ணைத் திறந்தார். பிறகு கையை நீட்டிக் கருவியில் பின்னால் போகும் பொத்தானைத் தடவி அழுத்தினார். மறுபடி கேட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சிகாமணியின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தார். தம்பி கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பினார்கள்.

ஆட்டோ போகும் சத்தம் தேயும்வரை சிகாமணி வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்தபோது முகத்தில் லேசான கவலை.

"டீச்சர், பின்னால போய் மறுபடி கேட்டாங்க. அந்தப் பொத்தான் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார்."

"முதல் தடவை சரியாக் காதுல விழலையோ? எந்திரக் குரல் வேகமாப் போயிடுச்சோ?"

"விழுந்திருக்கும்."

"பின்ன எதுக்கு ரெண்டு தடவை?"

பூரணி மேஜையில் கிடந்த ஹெட்போன் கம்பியைத் தடவி எடுத்து, சிக்கில்லாமல் சுற்றி வைத்தார்.

"முதல் தடவை கேக்குறதுக்கு சார். ரெண்டாவது தடவை எழுதிக்கிறதுக்கு."