கோணல் விரலுக்கு ஒரு செருப்பு

முன்னொரு காலத்திலே வேங்கைநாட்டை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நினைத்தால் நினைத்ததுதான். ஒருநாள் திடீரென்று, "நாமே செருப்புக்கடை வைத்தால் என்ன?" என்றார், வைத்தும்விட்டார். கடைக்கு அதிகாரி திருமேனிநாதர்.

திருமேனிநாதருக்குத் தன்மேல் அபார மதிப்பு. அதனால் எல்லாச் செருப்பையும் தன் கால் அளவுக்கே தைக்கச் சொன்னார். கடிக்கிறது என்று யாராவது வந்தால், "இது அரண்மனைச் செருப்பு. உன் கால்தான் சரியில்லை, போ!" என்பார். ஜனங்களும் போனார்கள், நேராக எதிர்க்கடை வெள்ளத்தாயிடம். வயிற்றெரிச்சலோடு திருமேனிநாதர் ராஜாவிடம் ஓடினார்.

"மகாராஜா, அந்தப் பெண்பிள்ளை மந்திரம் போட்டு ஆட்களை இழுக்கிறாள்!"

"அப்படியா? வெள்ளிக்கிழமையோடு அவள் கடையை மூடு!"

அந்தக் கடையை விட்டால் வெள்ளத்தாய்க்கு வேறு பிழைப்பில்லை. பாவம், மந்திரி மாதவராயரிடம் ஓடி அழுதாள். மந்திரி அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். மறுநாள் பனையோலையில் ஒரு காலின் அளவை வெட்டி, யார் கால் என்று சொல்லாமல், அதற்குச் செருப்புத் தைக்கச் சொல்லி இரண்டு கடைக்கும் ஆள் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை சபையில், "ஓலைக்கு என்ன பதில் சொன்னீர், ஐயா?" என்று திருமேனிநாதரிடம் கேட்டார் மந்திரி.

திருமேனிநாதர் மீசையைத் தடவினார். "சுண்டுவிரல் கொக்கி மாதிரி வளைந்திருந்தது! இந்தக் கோணக்காலனுக்குச் செருப்பு ஒரு கேடா என்று வீசி எறிந்தேன்!"

சபை சிரித்தது. ராஜா மட்டும் காலை ஆடைக்குள் இழுத்துக்கொண்டார்.

"மகாராஜா, இந்த ஓலைமேல் சற்றுக் கால் வையுங்கள்," என்றார் மந்திரி. அச்சாகப் பொருந்தியது. "தாங்கள் குளித்து வந்த ஈரத்தடத்தில் எடுத்த அளவு. மன்னிக்க வேண்டும்."

திருமேனிநாதர் மெல்ல ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

வெள்ளத்தாய் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து வைத்தாள். "யாரு காலுன்னு எனக்குத் தெரியாது சாமி. நடந்தா நோகுமேன்னு அந்த விரல் பக்கம் பஞ்சு வெச்சுத் தெச்சேன். ரெண்டு நாள் போட்டுப் பாருங்க. கடிச்சா கொண்டாங்க, பிரிச்சுத் தெச்சுத் தர்றேன்."

ராஜா போட்டுக்கொண்டு சபையை மூன்று சுற்றுச் சுற்றினார். முகம் மலர்ந்துபோனது. "இதுதானா உன் மந்திரம்?" என்று சிரித்து, அவள் கடையோடு அரண்மனைக் கடையையும் அவள் பொறுப்பில் விட்டார். வருகிறவர்களை உட்காரவைத்துக் கால் அளவு எடுக்கும் வேலை திருமேனிநாதருக்கு.

மறுநாள் காலை முதல் ஆளாக ராஜாவே வந்து காலை நீட்டினார். "என்னய்யா, கோணல் தெரிகிறதா?"

திருமேனிநாதர் ஓலையோடு குனிந்தார்.

"கால் சரியாகத்தான் இருக்கிறது, மகாராஜா. செருப்பைத்தான் திருத்த வேண்டும். எங்கே நோகிறது?"